விமானமேறும் சைக்கிளைக் கட்டுகிறவர்கள்

ஜூன் பிறந்தால் சென்னையின் பெரிய சைக்கிள் கடைகளின் பின்கட்டுப் பட்டறைகளில் புதிதாக ஒரு வேலை சேர்ந்துகொள்கிறது. மணாலியிலிருந்து லே வரை மலைச்சாலையில் மிதிக்கப் போகிறவர்கள், விமானத்தில் ஏற்றுவதற்குத் தங்கள் சைக்கிளைக் கட்டித் தரச் சொல்லிக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். நான்காண்டுக்கு ஒருமுறை ஆகஸ்டில் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் நெடும்பயணம் நடக்கிறது. தொண்ணூறு மணி நேரத்துக்குள் 1200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டிய அந்தப் பயணத்துக்குப் போகிறவர்களும் வருகிறார்கள். எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எந்தப் பெட்டி நல்லது என்பதுதான். அட்டைப் பெட்டியா, பஞ்சு வைத்துத் தைத்த பையா, சூட்கேஸ் மாதிரியான கெட்டிப் பெட்டியா? பட்டறைகளில் நின்று வேலையைக் கவனித்த பிறகு, இந்தக் கேள்வி இரண்டாவதாகக் கேட்க வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. உள்ளே எதுவும் அசையாமல், எதுவும் எதன்மேலும் உரசாமல் கட்டுகிற கைதான் சைக்கிளைக் காப்பாற்றுகிறது. பெட்டிக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், அந்தக் கையின் கூலியில்தான் பேரம் பேசுகிறோம்.

முதலில் கழல்வது பெடல். பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரை மேல்நோக்கி நிற்க வைத்து, பின்சக்கரத்தின் பக்கம் இழுத்தால் இரண்டு பெடலும் கழன்று வரும். இடது பெடலின் மரை தலைகீழாக வெட்டப்பட்டது. இது தெரியாமல் வலதுபக்கம் போலவே இடதையும் திருப்பி, இன்னும் இறுக்கி, கடைசியில் கிராங்க்கின் மரையைத் தின்றுவிடுகிறவர்கள் உண்டு. விமான நிலையத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடந்துவிடும் சேதம் அது. அடுத்து சீட் போஸ்ட். எவ்வளவு உயரத்தில் நின்றதோ அந்த இடத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டுத்தான் இறக்குகிறார்கள். ஃபிரேமின் ஒவ்வொரு குழாயிலும் ஏசி பைப்புக்குச் சுற்றும் கருப்பு ஃபோமைப் பிளந்து மாட்டுகிறார்கள். முன்சக்கரம் கழன்று ஃபிரேமின் இடப்பக்கத்துக்கு வருகிறது. இடது கிராங்க் அதன் ஸ்போக்குகளுக்கு நடுவே புகுந்து நிற்கும்படி சக்கரத்தைத் திருப்பித் திருப்பி இடம் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் இழுத்துக் கட்டுவதற்குப் பழைய ட்யூபை நீளவாக்கில் கிழித்த ரப்பர் நாடா. ஜிப் டை போட்டால் அதை வெட்டும் கத்தி பெயின்டில் கோடு போடும்; கயிறு போகப்போகத் தளரும். ரப்பர் நாடா இழுத்த இழுப்பிலேயே நிற்கும், கையாலேயே அவிழும், திரும்பி வரும்போதும் அதையே கட்டலாம். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பொருளும் இவ்வளவு பொருத்தமாக இல்லை என்பது என் அபிப்பிராயம்.

எது உடைகிறது என்று பார்த்தால் என் வாதம் இன்னும் தெளிவாகும். ஃபிரேம் இரண்டாகப் பிளப்பது அபூர்வம். கெடுவதெல்லாம் சின்னச் சின்ன உறுப்புகள். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர், கட்டை விரல் அளவு அலுமினியத் துண்டு. அடி விழுந்தால் ஃபிரேமுக்குப் பதிலாகத் தான் வளைய வேண்டும் என்பதற்காகவே மென்மையாகச் செய்யப்பட்டது. அது இரண்டு மில்லிமீட்டர் கோணினால் போதும், கியர் சொன்ன பல்லில் நிற்காது; இன்னும் கோணினால் சங்கிலி ஸ்போக்குக்குள் பாயும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதன் வடிவம் வேறு என்பதால் லேயில் கடை கடையாக ஏறி இறங்கினாலும் கிடைப்பது அரிது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி, கியரைக் குமிழ் உறையில் சுற்றி, பின் ஃபிரேமின் முக்கோணத்துக்குள் கட்டிவிட்டால் அந்த ஆபத்து தீர்ந்தது. சக்கரம் கழன்ற ஃபோர்க்கின் இரு முனைகளுக்கு நடுவே சாதாரண வண்டிகளில் 100 மில்லிமீட்டர் வெற்றிடம் இருக்கும். பக்கவாட்டில் ஒரு சூட்கேஸ் அழுத்தினால் முனைகள் உள்வாங்கிவிடும். அங்கே ஒரு பிளாஸ்டிக் குச்சி. டிஸ்க் பிரேக் வண்டியில் லீவர் தவறி அழுந்தினால் பிரேக்கின் இரண்டு பேடும் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒரு பிளாஸ்டிக் வில்லை. எதுவும் விலை உள்ள பொருளில்லை. எங்கே எது வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் விஷயம்.

அந்தத் தெரிதல் எங்கிருந்து வருகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. இதற்கென்று மெக்கானிக்குகள் எந்தப் பள்ளியிலும் படிப்பதில்லை. லூதியானாவிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் புதுச் சைக்கிள்கள் முக்கால்வாசி பூட்டிய நிலையில் அட்டைப் பெட்டிக்குள்தான் கடைக்கு வருகின்றன. அவற்றைப் பிரித்துப் பூட்டுவது பட்டறையின் அன்றாட வேலை. தொழிற்சாலை எந்த இடத்தில் ஃபோம் வைத்திருக்கிறது, எந்தப் பெட்டியில் அச்சு முனை அட்டையைக் குத்திக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது, எந்தக் கட்டில் ஹேண்டில்பார் ஃபிரேமை உரசிப் பெயின்டைத் தின்றது என்று நூற்றுக்கணக்கான பெட்டிகளைப் பிரித்த கண் பார்த்து வைத்திருக்கிறது. தூக்கி எறிய வேண்டிய அச்சு மூடிகளையும் ஃபோர்க் குச்சிகளையும் பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து வைப்பதும் அதனால்தான். அச்சின் இரு முனையிலும் மூடி போட்டு, அதற்கு நேரே பெட்டியின் சுவரில் இரண்டு மடங்கு அட்டையை ஒட்டுவார்கள். பெட்டியை யாராவது படுக்க வைத்து மேலே சாமான் அடுக்கினால் பாரமெல்லாம் அந்த முனையில்தான் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நவராத்திரி முடிந்து கொலுப் பொம்மைகளைப் பரணில் ஏற்றுகிற வீடுகளில் கேட்டால் இதையே சொல்வார்கள்: பொம்மைக்கும் பொம்மைக்கும் நடுவே திணித்த பழந்துணி சரியாக இருந்தால் எந்தப் பெட்டியும் போதும்.

கெட்டிப் பெட்டிதான் பாதுகாப்பு என்கிறவர்களுக்கு நியாயம் இல்லாமல் இல்லை. மேலே விழும் பாரத்தை அது தாங்கும், மழையில் ஊறாது. அட்டையின் பலமெல்லாம் அதன் உள்ளே நெளிநெளியாக நிற்கும் காகிதத்தில் இருக்கிறது, ஈரம் பட்டால் அது துவண்டுவிடும். மீனம்பாக்கத்தில் ஐப்பசி மழையில் விமானம் நிற்கும் தளத்தில் தள்ளுவண்டியில் காத்திருக்கும் அட்டைப் பெட்டியைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. அதற்கு மருந்து, சைக்கிளை முதலில் ஒரு பாலித்தீன் உறைக்குள் விட்டு, பெட்டியின் அடிப்பக்க மடிப்புகளை டேப்பால் முழுக்க மூடுவது. கெட்டிப் பெட்டியோ தானே பத்துப் பன்னிரண்டு கிலோ எடை இருக்கும். ஒன்பது கிலோ சைக்கிளை வைத்து மூடினால், பல விமான நிறுவனங்கள் ஒரு சாமானுக்கு அனுமதிக்கும் 23 கிலோ கிட்டத்தட்ட நிரம்பிவிடுகிறது. உள்ளே தளர்வாக வைத்த சக்கரம் கெட்டிப் பெட்டியிலும் ஃபிரேமில்தான் மோதும். வெளியே கீறல் விழாத பெட்டிக்குள் ஹேங்கர் வளைந்து கிடப்பதற்கு வேறு காரணமில்லை.

இன்னொரு ஆட்சேபணை, விமான நிலையத் தொழிலாளர்கள் தூக்கி எறிகிறார்கள், நாம் எப்படிக் கட்டினால் என்ன என்பது. இதை நான் ஏற்கவில்லை. உள்நாட்டில் பறக்கும் போயிங் 737 போன்ற விமானங்களின் சாமான் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலிட்டு, குனிந்தபடி, ஒவ்வொரு சாமானையும் கையால் தள்ளி அடுக்க வேண்டும். ஒரு விமானம் இறங்கி மறுபடி ஏறுவதற்குள் கிடைக்கும் அரை மணி, முக்கால் மணிக்குள் பழையதை இறக்கிப் புதியதை ஏற்றியாக வேண்டும். இடுப்பளவு நீளமுள்ள சூட்கேஸ்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் நீளப் பெட்டி ஒன்று வந்தால், பிடிக்க ஒரு பிடி இல்லாமல் என்ன செய்வார்கள்? ஒரு சாமான் 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்று உலகமெங்கும் விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் உச்சவரம்பு, இவர்களுடைய முதுகெலும்புக்காக வந்தது. அதனால் நல்ல கட்டு என்பது தூக்குகிறவரையும் கணக்கில் எடுத்துக்கொள்கிற கட்டு. பெட்டியின் இரு முனையிலும் கைநுழையும் ஓட்டை, அதன் விளிம்பு கிழியாமல் டேப். இடம் இருக்கிறதே என்று ஸ்பேனரும் ஷூவும் பூட்டும் உள்ளே போடுகிற பயணிகளை மெக்கானிக்குகள் தடுப்பதும் சரிதான். எடை கூடுவது ஒருபுறம் இருக்க, உள்ளே உருளும் ஒரு ஸ்பேனர் எந்தத் தொழிலாளியைவிடவும் கொடுமையாக ஃபிரேமை அடிக்கும்.

நெதர்லாந்தின் வான்மூஃப் நிறுவனம் 2016இல் தன் சைக்கிள் பெட்டிகளின்மேல் தட்டைத் தொலைக்காட்சியின் படத்தை அச்சிட்டது. உள்ளே டிவி இருக்கிறது என்று நினைத்து மெதுவாகக் கையாண்டதால், வழியில் நேரும் சேதம் 70 முதல் 80 விழுக்காடு குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. அப்படியானால் கையாளுகிறவர் மனம்தான் எல்லாம், கட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். எனக்கு அது என் பக்கத்துச் சாட்சியாகவே படுகிறது. கையாளுகிறவர்கள் அலட்சியக்காரர்கள் இல்லை, என்ன பொருள் என்று தெரிந்தால் அதற்கேற்ப நடக்கிறார்கள். பிரிட்டனில் சைக்கிளை ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையில் அப்படியே போட்டு விமானத்தில் ஏற்றுகிற வழக்கமும் இந்த நம்பிக்கையில் வந்ததுதான். ஆனால் அந்தப் பையிலும் பெடல் கழன்றிருக்க வேண்டும், ஹேண்டில்பாரைத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும், கியர் உள்ளே ஒதுங்கியிருக்க வேண்டும். பையை மாற்றலாம், வேலையை விட முடியாது.

டயர் வெடிக்கும் என்ற பயத்தையும் சொல்லியாக வேண்டும். சாமான் அறையிலும் பயணிகள் அறையின் காற்றழுத்தமே இருக்கும்; அது 8000 அடி உயரத்து அழுத்தத்துக்குக் கீழே போகாது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் டயருக்குக் கூடுவது நான்கு பிஎஸ்ஐக்கும் குறைவு. 100 பிஎஸ்ஐ அடித்த டயர், நிழலில் 30 டிகிரியிலிருந்து வெயிலில் 50 டிகிரிக்குச் சூடானால் ஏழெட்டு பிஎஸ்ஐ ஏறும். ஆகாயத்தைவிட வெயிலுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஆனாலும் விமான நிறுவனங்கள் காற்றை இறக்கச் சொல்கின்றன, இறக்கத்தான் வேண்டும். ஆனால் முழுக்க இறக்காமல் கொஞ்சம் விட்டு வைத்தால் ரிம்முக்கு மெத்தையாக இருக்கும். மின்கியர்களின் கழற்றக்கூடிய பேட்டரி கையோடு வரட்டும். 160 வாட் அவருக்கு மேற்பட்ட பேட்டரிக்குப் பயணிகள் விமானத்தில் இடமே இல்லை என்பதால் பெரும்பாலான மின்சைக்கிள்கள் பேட்டரியோடு பறக்க முடியாது.

இதையெல்லாம் வீடியோ பார்த்து நாமே செய்துகொள்ளலாமே என்பது வலுவான ஆட்சேபணை. செய்யலாம்; செய்யத் தெரிந்துகொள்வதும் அவசியம், ஏனென்றால் திரும்பி வரும்போது லேயில் பட்டறைக்காரர் கூட இருக்க மாட்டார். ஆனால் வீடியோ வரிசையைத்தான் சொல்லும், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லாது. நான் பார்த்த நல்ல கட்டுக்காரர்கள் எவ்வளவு குறைவாகக் கழற்ற முடியுமோ அவ்வளவு குறைவாகவே கழற்றுகிறார்கள். ஹேண்டில்பாரை இறக்காமல் திருப்பி மட்டும் கட்ட முடிந்தால் அதோடு விட்டுவிடுகிறார்கள். கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் மறுமுனையில், தூக்கமில்லாத ஒருவர், சரியான இறுக்கத்தில் மாட்ட வேண்டியிருக்கும். கார்பன் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஐந்து நியூட்டன் மீட்டர் அளவே கேட்கும். கூடினால் விரிசல், குறைந்தால் இறக்கத்தில் ஹேண்டில்பார் கையோடு சுழலும். பெட்டியில் வந்த கீறலைவிட இது ஆயிரம் மடங்கு ஆபத்து. பெட்டியின் மூடியின் உட்புறம், கட்டி முடித்த நிலையின் படத்தை ஒட்டி வைக்கும் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பாதுகாப்புச் சோதனையில் யாராவது திறந்து பார்த்தாலும் அதைப் பார்த்து அப்படியே திரும்ப வைக்கலாம், வருகிற வழிக்கும் அதுவே வழிகாட்டி.

இழப்பீடு கேட்கும்போதும் அந்தப் படம் பேசும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரீல் உடன்படிக்கையை இந்தியா 2009இல் ஏற்றது. சர்வதேசப் பயணத்தில் பதிவுசெய்த சாமான் சேதமானால், கையில் கிடைத்த ஏழு நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். ஆனால் சாமானின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு விமான நிறுவனம் பொறுப்பில்லை. சரியாகக் கட்டவில்லை என்ற பதில் பெரும்பாலும் இந்த வாசலில்தான் நுழைகிறது. அதை மறுக்கப் பயணியின் கையில் என்ன இருக்கிறது? இன்று பல கடைகளின் ரசீதில் இந்த வேலை சர்வீஸ் என்ற ஒற்றை வரிக்குள் கரைந்துவிடுகிறது. கூலியும் அதற்குள்ளேயே சுருங்கிவிடுகிறது. கட்டும் வேலைக்குத் தனி வரி, தனிக் கூலி, கட்டும்போது எடுத்த நான்கைந்து படங்கள், கீழே கட்டியவரின் கையெழுத்து என்று ரசீது போட்டால் பயணிக்கு ஆதாரம் கிடைக்கும், மெக்கானிக்குக்குப் பெயரும் பணமும் கிடைக்கும். செலவு கூடுமே என்று கடைக்காரர்கள் தயங்கலாம். லட்ச ரூபாய்ச் சைக்கிளையும் பத்தாயிரக்கணக்கில் டிக்கெட்டையும் வாங்கியவரிடம் ஒரு திறமைசாலியின் அரை நாள் கூலியைத் தனியாகக் கேட்பதில் என்ன தயக்கம் என்பது எனக்குப் புரியவில்லை.