ஆட்டமும் மழையும் ஆட்சியும்

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து இத்தடத்தில் நாள்தோறும் போய்வருவோர் பேசிய பேச்சையெல்லாம் தொகுத்தால், அது பெரும்பாலும் மூன்று பொருள்களில் அடங்கிவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒன்று விளையாட்டு, மற்றொன்று வானிலை, மூன்றாவது அரசியல். வீட்டுத் துயரத்தையோ கடன் தொல்லையையோ முன்பின் அறியாதவரிடம் எவரும் சொல்வதில்லை. ஆனால் நேற்றைய ஆட்டத்தையும், நாளைய மழையையும், இன்றைய ஆட்சியையும் பற்றிப் பெயர் தெரியாதவரோடும் உரக்கப் பேசலாம். பல்லாவரத்தில் தொடங்கிய வாக்குவாதத்தை மாம்பலத்தில் முடித்துக்கொண்டு பகையின்றிப் பிரியலாம். இப்பேச்சுகளால் எவருக்கும் பொறுப்பு வருவதில்லை. அதனாலேயே இவை இனிக்கின்றன.

இம்மூன்றிலும் அசைக்கமுடியாத கருத்துடைய ஒருவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். முடிச்சூரில் வீடு கட்டிக் குடியிருப்பவர். நான் சேலையூர்க்காரன். வயதில் மூத்தவராதலால் அவரை அண்ணன் என்றழைப்பேன். ஆசிரியத் தொழில் செய்த என்னை அவர் 'சார்' என்பார். கிரிக்கெட்டுக்காக உறக்கத்தையும் உணவையும் துறக்கும் இந்த மாநகரில், அவர் கால்பந்து இரசிகர். இளமையில் இடப்புற முன்வரிசையில் ஆடியவர். தொலைக்காட்சியில் இங்கிலாந்து ஆட்டங்கள் வரத் தொடங்கிய நாளிலிருந்து லிவர்பூல் அணியின் பக்தர். 2014இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியதும் சென்னையின் எஃப்.சி. அணியையும் நெஞ்சில் ஏற்றுக்கொண்டார்.

"மழை வந்தா மூட்டை கட்டுறதெல்லாம் ஒரு ஆட்டமா சார்? இங்கிலாந்துல தூறல், பனி, சேறு எல்லாத்துலயும்தான் ஆடுறான்" என்பது விளையாட்டைப் பற்றி அவருடைய முதல் கோட்பாடு. வானிலையைப் பற்றியும் அவருக்குச் சொந்த அறிவியல் உண்டு. கீழ்வானம் எந்த நிறத்தில் கறுத்தால் எத்தனை மணிக்குள் மழை இறங்கும் என்பார். வானிலை ஆய்வு மையத்தின் இயக்குநராக இருந்த எஸ்.ஆர். ரமணன் தொலைக்காட்சியில் தோன்றும்போது, பள்ளிப் பிள்ளைகள் விடுமுறைக்காகக் காத்திருப்பார்கள். இவரோ தம் கணிப்போடு ஒத்துப்பார்ப்பதற்காகக் காத்திருப்பார். அரசியலில் அவர் எந்தக் கட்சியையும் சார்ந்தவர் அல்லர், சலிப்பைச் சார்ந்தவர். "எவன் வந்தா என்ன சார்? நமக்கு வர்ற தண்ணி வந்துதான் தீரும்" என்று கையை உதறுவார்.

அவர் சொன்ன தண்ணீர் 2015ஆம் ஆண்டு வந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருக்கள் ஆறாயின. மீட்புப் படகுகள் வீட்டு மாடிகளுக்கருகே சென்று மனிதரை இறக்கின. விமான நிலையம் மூடப்பட்டது, ரயில்கள் நின்றன. அண்ணனின் வீட்டுக் கீழ்த்தளம் முழுவதும் நீரில் மூழ்கியது. அவரும் அவர் துணைவியாரும் மொட்டை மாடியில் இரண்டு இரவுகள் கழித்தார்கள். வெள்ளம் வடிந்தபின் அவர் வெளியே எறிந்த பொருள்களில் தொலைக்காட்சிப் பெட்டியும் ஒன்று.

அதே வெள்ளம் அவருடைய அணியையும் ஊரைவிட்டு வெளியேற்றியது. டிசம்பர் 12 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் நடக்கவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனே நகருக்கு மாற்றப்பட்டது. தம் ஊரில் ஆடவேண்டியதை வேற்றூரில் ஆடி, கொல்கத்தா அணியை 3-0 என்று சென்னை வென்றது. டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, கோவாவில் இறுதி ஆட்டம். அண்ணன் அதை என் வீட்டில் அமர்ந்து பார்த்தார். 87ஆம் நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியபோது அவர் பேசவில்லை. 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோல்காப்பாளர் கையிலேயே பட்டுப் பந்து அவருடைய வலைக்குள் சென்றது. கூடுதல் நேரத்தில் கொலம்பிய நாட்டு மெண்டோசா மூன்றாவது கோலை அடித்தார். சென்னை வாகை சூடியது. துள்ளியெழுந்த பெரியவர் சற்று நேரத்தில் அமைதியாகி, வெள்ளம் தம் கால்களில் விட்டுச்சென்ற புண்களைப் பார்த்தபடி கேட்டார்: "இங்க தப்பு நடந்தா நடுவர் இருக்கார் சார். நம்ம வீட்டுக்குள்ள வந்த தண்ணிக்கு யார்கிட்ட பெனால்டி கேட்கிறது?"

அக்கேள்வி என்னை விட்டு இன்றளவும் நீங்கவில்லை. விளையாட்டையும் வானிலையையும் அரசியலையும் ஒரே குரலில், ஒரே இருக்கையில் அமர்ந்து பேசிப் பழகியதால், அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை நாம் மறந்துவிட்டோமோ என்று அன்றுமுதல் எண்ணத் தொடங்கினேன்.

விளையாட்டில் நாம் பார்வையாளர். அதுவே நமக்குரிய இடம். மைதானத்திற்குள் இறங்குவது இரசிகருக்கு அழகன்று. மழையின் முன்னே நாம் எளியவர். வங்கக்கடலில் உருவாகும் தாழ்வழுத்தத்தை எந்தத் தீர்மானமும் தடுப்பதில்லை. ஆனால் அரசியல் அத்தகையதன்று. அங்கே நாம் பார்வையாளரும் அல்லர், இயற்கையின் கைப்பாவையும் அல்லர், ஆடவேண்டியவர்கள். அப்படியிருக்க, நாம் அதனை ஒருநாள் ஆட்டத்தைப்போல் கைதட்டிப் பார்க்கிறோம். மறுநாள் மழையைப்போல் தலைவிதி என்று சகித்துக்கொள்கிறோம்.

வெள்ளத்தையே எடுத்துக்கொள்வோம். நம் முன்னோர் இப்பகுதியில் ஏரிகளைத் தனித்தனியே வெட்டவில்லை, சங்கிலியாகக் கோத்தார்கள். மேட்டிலுள்ள ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். எல்லாம் நிரம்பிய பின்னரே மிகுநீர் ஆற்றை அடையும். தாம்பரத்தை அடுத்த ஆதனூர்ப் பகுதி ஏரிகளின் மிகுநீரே அடையாறாகத் தொடங்கி, சுமார் 42 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. வரத்துக் கால்வாய்கள் மனைகளாயின. நீர் பரவிப் படுக்கவேண்டிய தாழ்நிலங்களில் நகர்கள் எழுந்தன. கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் தன் பழைய பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறுகியது. 2015 வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2018 ஜூலையில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதரால் விளைந்த பேரிடர் என்றே அவ்வறிக்கை கூறியது. அண்ணன் 'வர்ற தண்ணி' என்று சொன்னது மழை மட்டுமன்று. மழை வானத்திலிருந்து வந்தது. வெள்ளமோ கையெழுத்துகளிலிருந்தும், கண்டும் காணாமல் விட்டவற்றிலிருந்தும் வந்தது.

பெனால்டி கேட்கும் வாய்ப்பும் வராமலில்லை. வெள்ளம் வடிந்த ஆறு மாதங்களுக்குள், 2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் வாக்களித்தனர். வெள்ளத்தில் மிதந்த சென்னை மாவட்டத்திலோ ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே வாக்களித்தனர். வடிகாலும் கால்வாயும் உள்ளாட்சியின் கையில் உள்ளவை. 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சித் தேர்தல் வந்தபோது அதுவும் ஏறத்தாழ 44 விழுக்காடாகச் சுருங்கியது. சேப்பாக்கத்தில் நுழைவுச்சீட்டுக்காக விடியுமுன் வரிசையில் நிற்கும் ஊர் இது! கால் வலிக்காத ஊருக்கு இங்கே மட்டும் ஏன் வலிக்கிறது?

இரசிகர்கள் வேறுவிதமாகவும் இருக்கமுடியும் என்பதற்கு அண்ணனின் லிவர்பூலே சான்று. 1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ அரங்கில், லிவர்பூல் ஆடிய அரையிறுதி ஆட்டத்தின்போது கூட்ட நெரிசலில் இரசிகர்கள் நசுங்கினர். அதன் விளைவாக இறந்தோர் 97 பேர். அவர்களுள் கடைசி மனிதர் காயங்களோடு 32 ஆண்டுகள் வாழ்ந்து 2021இல் இறந்தார். குடித்துவிட்டு வந்த கூட்டமே காரணம் என்று காவல்துறையும் சில நாளேடுகளும் பழி சுமத்தின. குடும்பத்தாரும் இரசிகர்களும் அதனை விதி என்று விட்டுவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு கூடினார்கள், ஆவணங்களைக் கேட்டார்கள், நீதிமன்றப் படிகளில் ஏறினார்கள். 27 ஆண்டுகளுக்குப் பின், 2016 ஏப்ரலில், மரண விசாரணை நடுவர்குழு தீர்ப்பளித்தது: இறந்தோர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டவர்கள், இரசிகர்கள்மேல் குற்றமில்லை. நம் தேர்தலுக்கு முந்தைய மாதம் அது. ஓர் அணியின்மேல் கொண்ட அன்பு, இறந்தவர்மேல் கொண்ட கடமையாக வளர்ந்ததை அங்கே காண்கிறோம்.

அத்தகைய வளர்ச்சி நம்மிடையேயும் முளைத்திருக்கிறது. சிட்லப்பாக்கம் ஏரி குப்பையால் மூச்சுத்திணறியபோது, 2019இல் அங்குக் குடியிருப்போர் தாமே இறங்கிக் குப்பை அள்ளினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் முதியோரும் சிறுவரும் சேற்றில் நின்றார்கள். அதன் பின்னர் அரசும் ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொலைக்காட்சி முன் அமர்ந்து 'ஓடு, ஓடு' என்று கத்துவதற்கும், தாமே ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

அண்ணன் இதையெல்லாம் முழுதாக ஒத்துக்கொள்வதில்லை. "அரசியல் உள்ள வந்தா ஆட்டம் கெட்டுப்போகும் சார்" என்பார். 2018 ஏப்ரலில் காவிரிக்காக நடந்த போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டங்கள் சேப்பாக்கத்திலிருந்து மாற்றப்பட்டன. அப்போதும் போன ஊர் புனேதான். "மழை விரட்டினாலும் புனே, அரசியல் விரட்டினாலும் புனே" என்று கிரிக்கெட்டை விரும்பாத அவரே வருந்தினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் தண்ணீருக்காகத் தவிக்கும் உழவனுக்கும் ஒரு நியாயம் உண்டு என்பது என் கருத்து. இவ்வழக்கில் நாங்கள் இருவரும் இன்னும் தீர்ப்பு எழுதவில்லை.

எனினும் அரசியல் விளையாட்டிடமிருந்து கற்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடில்லை. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் அணி இந்தியாவுக்கு வந்தபோது, எதிர்ப்பாளர்கள் டெல்லியில் ஆடுகளத்தையே தோண்டிப் போட்டார்கள். அம்மாதம் 31ஆம் நாள் சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. சில நொடி அரங்கம் உறைந்தது. பின்னர் எழுந்து நின்று வென்றவர்களுக்குக் கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் அரங்கைச் சுற்றிவந்து அவ்வாழ்த்தை ஏற்றார்கள். தோல்வியின் கசப்பு தொண்டையில் இருக்கும்போதே எதிரணியின் திறமையை மதித்த கூட்டம் அது. அதே மனிதர்கள் கட்சிக்கொடியின் கீழ் நின்றால் எதிர்க்கட்சிக்காரரின் நல்ல செயலொன்றைப் பாராட்ட நா எழுவதில்லை. நாம் அரசியலுக்குள் கொண்டுபோக வேண்டிய இரசிகத்தன்மையை வெளியே விட்டுவிட்டு, விடவேண்டிய வெறியை உள்ளே கொண்டுபோகிறோம்.

கால்பந்து இரசிகர் ஒருவர் இம்மூன்றையும் எப்படித் தாங்கலாம் என்பதற்கு நாம் அறிந்த ஒரு முன்மாதிரி உண்டு. 2025 ஏப்ரல் 21 அன்று மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அர்ஜென்டினாவின் சான் லொரென்சோ அணியின் உறுப்பினர்; ஒரு சலேசிய குரு தெருப் பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்த அணி அது. அவரே 2015இல், நம் ஊர் மூழ்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், பருவநிலையையும் பொது இல்லமாகிய பூமியையும் குறித்துச் சுற்றுமடல் எழுதினார். அரசியலைப் பிறரன்பின் உயர்ந்த வடிவங்களுள் ஒன்றாகக் கண்டவரும் அவரே. ஆட்டத்தை நேசித்தவருக்கு, எங்கே அமர்ந்து பார்ப்பது, எங்கே எழுந்து நடப்பது என்பது தெரிந்திருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் நீர் மீண்டும் புகுந்தது. அண்ணன் இப்போதும் கீழ்வானத்தைப் பார்த்து மழை சொல்கிறார். லிவர்பூல் தோற்றால் மறுநாள் பேசுவதில்லை. ஆனால் அவர் தெருவாசிகள் வடிகாலுக்காக அளித்த மனுவில் முதல் கையெழுத்து அவருடையது. மனுவின் நகல்களை ஆண்டுவாரியாக ஓர் உறையில் வைத்திருக்கிறார். எத்தனை கோல் என்று கேட்பதுபோல் எத்தனை மனு என்று நான் கேட்டால், எண்ணிக்கையைச் சொல்லாமல், அதிகாரிகள் இன்னும் பதில் அளிக்காத மனு எது என்பதை மட்டும் சொல்கிறார்.

ரயில் பேச்சு தொடரட்டும். அது மனிதரை மனிதரோடு இணைக்கிறது. நெரிசலையும் பொறுத்துக்கொள்ளச் செய்கிறது. ஆட்டம் தோற்றால் அடுத்த ஆண்டு வரும் என்று ஆறுதல் கொள்வோம். மழை மிகுந்தால் குடையோடு பொறுமையையும் விரிப்போம். ஆனால் ஏரி எங்கே போயிற்று, கால்வாயை அடைத்தவர் யார் என்ற கேள்வி வரும்போது, அடுத்த நிலையத்தில் இறங்கிப் போய்விடக் கூடாது.