ஒன்றரை அடி உயரம்

எங்கள் குடும்பத்துக்கு இரண்டு தொழில்கள். மலைக்கு மேலே கொழுந்து எடுப்பது. மலைக்குக் கீழே சட்டி பானை செய்வது. அம்மா வண்டிப்பெரியாரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். நான் கம்பம் பள்ளத்தாக்கில் மண் மிதித்துச் சக்கரம் சுற்றுகிறவன். அம்மாவுக்குத் தோள்பட்டை வலி. எனக்கு இடுப்பும் தோளும். எங்கே வலிக்கிறது என்று சொன்னாலே என்ன வேலை பார்க்கிறோம் என்று தெரிந்துவிடும். ஆனால் நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர்களில் பெரும்பாலோர் எங்கள் வேலையைப் பற்றிக் கேட்டதே இல்லை.

அப்பாவின் ஊர் கம்பத்துக்குப் பக்கம். வேளார் குடும்பம். அலுமினியமும் எவர்சில்வரும் வந்து மண்பானையை அடுப்படியிலிருந்து துரத்தியபோது, அப்பா குமுளி வழியாக மலையேறி எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தார். சித்தப்பா மட்டும் சக்கரத்தை விடவில்லை. நான் பிறந்தது லயத்தில். மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தான் என்னுடைய கூட்டாளிகள். 1956-இல் மாநிலங்களைப் பிரித்தபோது பீர்மேடு கேரளத்தோடு நின்றது. எங்கள் பேச்சு தமிழோடு நின்றது.

2000-ஆம் ஆண்டையொட்டி பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. தேயிலை விலை விழுந்துவிட்டது என்றார்கள். எங்கள் தோட்டமும் மூடப்பட்டது. சம்பளம் நின்றது, ஆஸ்பத்திரி நின்றது. கிராஜுவிட்டி கைக்கு வராமல் வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று அம்மா லயத்திலேயே இருந்துவிட்டார். சங்கத்துக்காரர்கள் செடிகளைப் பங்கு பிரித்துக் கொடுக்க, தன் பங்குக் கொழுந்தைக் கிள்ளி வெளியே விற்றுக் காலம் தள்ளினார். நான் கீழே இறங்கி, சித்தப்பாவிடம் 28 வயதில் மண்ணைத் தொட்டேன். பத்து வயதில் கற்க வேண்டியதை 28-இல் கற்றால் விரல் பழகிவிடும், முதுகு பழகாது.

எங்கள் பழைய சக்கரம் தரையோடு தரையாகச் சுற்றும். குத்துக்காலிட்டு, முழங்கால்களை விரித்து, சக்கரத்தின் மேல் கவிழ்ந்த மாதிரி உட்கார வேண்டும். கோலை வைத்துச் சக்கரத்தை வேகமாகச் சுழற்றிவிட்டு, அந்த வேகம் அடங்குவதற்குள் மண்ணை நடுவில் நிறுத்தித் தூக்கிவிட வேண்டும். இதில் இடுப்பு போகிறது. பிறகு, அடி திறந்திருக்கும் பானையை மடியில் வைத்து, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூட வேண்டும். இதில் தோள் போகிறது. மானாமதுரையில் கடம் தட்டும் மீனாட்சி அம்மாளுக்கு 2014-ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருது கிடைத்தது. ஒரு கடம் நாதம் பேசுவதற்கு எத்தனை ஆயிரம் தட்டு தட்ட வேண்டும் என்பது தட்டுகிறவர்களின் தோளுக்குத்தான் தெரியும். விருதுச் செய்தியைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, அந்த அம்மாளின் வலது தோள் எப்படி இருக்கிறதோ என்பதுதான்.

எனக்கு 40 வயது தாண்டியதும் காலையில் பாயிலிருந்து எழுந்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. ஒருக்களித்து, கையை ஊன்றி, சுவரைப் பிடித்து எழ வேண்டும். ஊசி போட்டார்கள். மாத்திரை கொடுத்தார்கள். இடுப்புக்கு பெல்ட் வாங்கச் சொன்னார்கள். வலி நாலு நாள் போகும். ஐந்தாம் நாள் சக்கரத்தின் முன் உட்கார்ந்ததும் திரும்பி வரும். “வேளார் வீட்டில இடுப்பு வலிக்காத ஆம்பள யாருடா?” என்றார் சித்தப்பா. அவர் வலியைக் குலதெய்வம் மாதிரி ஏற்றுக்கொண்டவர்.

2019-இல் கோட்டயத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். சின்ன வயதுப் பெண். எங்கே வலி என்று கேட்பதற்கு முன்பே, “என்ன ஜோலி?” என்று கேட்டார். சொன்னேன். “எப்படி உட்காருவீர்கள்? செய்து காட்டுங்கள்” என்றார். அந்த அறையின் தரையில் இல்லாத சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு, இல்லாத மண்ணை அழுத்திக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தார். பிறகு சொன்னார்: “உங்கள் முதுகுக்கு வைத்தியம் பார்ப்பதைவிடச் சக்கரத்துக்கு வைத்தியம் பார்ப்பது சுலபம்.”

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி வட்டுகள் இருக்கின்றன. ஸ்வீடனில் ஆல்ஃப் நாக்கெம்சன் என்ற மருத்துவர் 1960-களில் அந்த வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது இருப்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடியது. முன்னால் குனிந்தால் இன்னும் கூடியது. குனிந்தபடி பாரத்தைத் தூக்கினால் மேலும் கூடியது. நான் குனிந்து, அழுத்தி, ஈர மண்ணைத் தூக்கி, நாள் முழுக்க அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

வேலையைக் கேட்க வேண்டும் என்ற யோசனை புதிதல்ல என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1700-இல் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு ‘என்ன தொழில்?’ என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் சொன்னார். குயவர்களுக்கும் அந்த நூலில் ஒரு அத்தியாயம் உண்டு. மெருகு பூசப் பயன்பட்ட ஈயம் அவர்கள் கைகளை நடுங்க வைத்ததைப் பற்றி. முந்நூறு ஆண்டுகள் கழித்தும் அந்தக் கேள்வி எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு வந்து சேரவில்லை.

சக்கரத்துக்கு நான் செய்த வைத்தியம் இதுதான். குயவர்களுக்கு மின்சக்கரம் கொடுக்கும் திட்டத்தை கதர் கிராமத் தொழில் ஆணையம் 2018-இல் தொடங்கியிருந்தது. எனக்கு அது வாய்க்கவில்லை. மனைவி மகளிர் குழுவில் வாங்கிய கடனில் பழைய மின்சக்கரம் ஒன்று வந்தது. அதைத் தரையில் வைக்காமல், செங்கல் அடுக்கி ஒன்றரை அடி உயர்த்தினேன். எதிரே ஸ்டூல். இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே இருக்கும்படி ஸ்டூலின் உயரம். முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் மண்ணை நடுவில் நிறுத்தும் வேலையைத் தோள் மட்டும் சுமக்க வேண்டியதில்லை. உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்கிறது. மண்ணை முன்பைவிடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைகிறேன். ஒரே பொதியாகத் தூக்காமல் இரண்டு கிலோ உருண்டைகளாகப் பிரித்து, இடுப்புயரப் பலகையில் அடுக்கி வைத்துக்கொள்கிறேன்.

சக்கரத்துக்கு எதிரே ஒரு கண்ணாடியும் மாட்டினேன். பானையின் பக்கவாட்டைப் பார்ப்பதற்குக் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் பாதி வலி வருகிறது. கண்ணாடியில் பார்த்தால் நிமிர்ந்தபடியே பார்க்கலாம். தெருவில் அதற்கு ‘சலூன் சக்கரம்’ என்று பெயர் வைத்தார்கள். சித்தப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. “சக்கரத்துக்கு முன்னால குனியறது சாமிக்கு முன்னால குனியற மாதிரி. நீ நாற்காலி போட்டு உட்காந்துட்டியேடா” என்றார். நான் பதில் சொல்லவில்லை. தைப்பொங்கலுக்குச் சக்கரத்துக்குப் பொட்டு வைக்கும்போது மட்டும் இப்போதும் தரையில் விழுந்து கும்பிடுகிறேன்.

முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறேன். காலையில் பத்து நிமிடம் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி. பெல்ட் ஆணியில் தொங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. அந்த நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட முதுகு வலிக்கென்று வெளியிட்ட நெறிமுறையில், உடற்பயிற்சியையும் வலியைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது; பெல்ட்டையும் இழுவைச் சிகிச்சையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. ஆனால் கால் மரத்துப்போனால், சிறுநீரோ மலமோ கட்டுக்கடங்காமல் போனால், வலியோடு காய்ச்சல் இருந்தால், விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தால் பயிற்சி செய்துகொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வலி போய்விட்டதா? இல்லை. கார்த்திகை வந்தால் அகல் விளக்கு ஆர்டர் வருகிறது. வியாபாரி எண்ணிக்கைக்குத்தான் காசு கொடுக்கிறார். நான் எழுந்து நடந்த நேரத்துக்குக் கொடுப்பதில்லை. அந்த மாதத்தில் முக்கால் மணி மூன்று மணியாகிவிடுகிறது; இடுப்பும் நினைவூட்டிவிடுகிறது. ஆனாலும் சுவரைப் பிடிக்காமல் எழுந்திருக்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு குயவனுக்கு அது சின்ன விஷயமில்லை.

அம்மாவின் கதை அப்படி முடியவில்லை. 2016-இல் அவருக்கு வலது கையைத் தூக்கவே முடியவில்லை. தலைக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய்க் கொண்டை போட முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டியிருந்தது. தோள் இறுக்கம் என்றார்கள். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகமாம். அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. என்னைத் தேற்றிய அதே பிசியோதெரபிஸ்டிடம் பிற்பாடு அழைத்துப் போனேன். மேஜையில் இடது கையை ஊன்றிக் குனிந்து, வலது கையைக் கிணற்று வாளி மாதிரி தொங்கவிட்டு ஆட்டச் சொன்னார். சுவரில் விரல்களால் எறும்பு ஊர்வதுபோல் ஏறச் சொன்னார். லயத்துச் சுவரில் அம்மா கரிக்கோடு போட்டு வைத்தார். மாதத்துக்கு ஒரு கோடு மேலே போயிற்று. இப்போது கொண்டையைத் தானே போட்டுக்கொள்கிறார்.

“எந்த வேலை செய்தால் அதிகம் வலித்தது?” என்று பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது அம்மா சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கூடையை முதலில் சொல்வார் என்று நினைத்தேன். “கவாத்துக்கு முந்தின வருசம்” என்றார். தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டித் தாழ்த்துவார்கள், அதுதான் கவாத்து. வெட்டிய பிறகு ஆண்டுக்கு ஆண்டு செடி உயரும். அடுத்த கவாத்து நெருங்கும்போது, அம்மாவைப் போன்ற குள்ளமான பெண்களுக்குச் செடி நெஞ்சுவரை வந்துவிடும். சரிவில் நின்று, கையைத் தோளுக்குச் சமமாக நீட்டி, நாள் முழுக்கக் கிள்ள வேண்டும்.

அதைக் கேட்டதும் எனக்கு என் செங்கல் மேடை நினைவுக்கு வந்தது. அம்மாவின் வலியும் உயரத்தின் வலிதான். என் சக்கரத்தை ஒன்றரை அடி உயர்த்த நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. சித்தப்பாவின் முணுமுணுப்போடு சரி. அம்மா தன் செடியை அரை அடி தாழ்த்தச் சொல்லி யாரிடம் போய்க் கேட்பார்?

என் தங்கை வேறொரு தோட்டத்தில் இன்னும் கொழுந்து எடுக்கிறாள். இப்போது கிள்ளுவதில்லை, கத்தரி. கத்தரியோடு கொழுந்து விழும் தட்டையும் சேர்த்து இரண்டு கைகளிலும் ஏந்தியபடி வெட்ட வேண்டும். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. அதைத் தொடர்ந்து கேரளத் தோட்டங்களில் நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயானது. நல்ல விஷயம். கூடவே, ஒரு நாள் கூலிக்கு எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவும் 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. பேப்பர்களில் 301 பெரிய எழுத்தில் வந்தது. அந்த நான்கு கிலோவை என் தங்கையின் தோள்தான் படித்தது.

1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஆஸ்பத்திரி, வீடு, பிள்ளைக் காப்பகம் எல்லாம் தர வேண்டும் என்றது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய தொழில்சார் நோய்ப் பட்டியலில் தசை, எலும்பு, மூட்டுக் கோளாறுகளுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கியிருக்கிறது. ஆனால் எங்கள் லயத்தில் தோள் வலியை யாரும் தொழில் நோய் என்று சொல்லிக் கேட்டதில்லை. “வயசாச்சு” என்பார்கள். முப்பத்தைந்து வயதுப் பெண்ணிடமும் அதையே சொல்வார்கள்.

மாதத்தில் இரண்டு நாள் சட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிப்பெரியாருக்குப் போகிறேன். மீன் குழம்புக்கு மண்சட்டிதான் வேண்டும் என்கிற மலையாளக் குடும்பங்கள் இருக்கும்வரை எனக்குச் சோறு உண்டு. லயத்துப் பெண்களும் வருவார்கள். சட்டியைச் சுண்டிப் பார்த்து, விலையைக் குறைத்துக் கேட்டு, கடைசியில் தணிந்த குரலில், “அண்ணே, அம்மாவுக்குக் கை சரியாயிருச்சாமே, என்ன மருந்து?” என்பார்கள். நான் டாக்டர் இல்லை. மருந்து சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், எங்கே வலிக்கிறது என்பதற்கு முன்னால் என்ன வேலை, எத்தனை கிலோ, செடி எந்த உயரம் என்று சொல்லுங்கள் என்கிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். சங்கக் கூட்டத்தில் கூலியைப் பேசும்போது கிலோவையும் பேசுங்கள், கவாத்தையும் பேசுங்கள் என்கிறேன்.

போன முறை ஒரு பெண் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “செடி உயரத்தையெல்லாமா கேப்பாங்க அண்ணே?” கூலியைக் கேட்பார்கள் என்றும் ஒரு காலத்தில் யாரும் நினைக்கவில்லை என்றேன்.