பக்கத்திற்குள் ஒளிந்திருக்கும் கட்டளை



பள்ளி இணையத்தளத்தைப் பராமரிக்கும் ஆசிரியர்கள் பலரும் சந்திக்கும் ஒரு சிக்கலைப் பற்றி இன்று எழுதுகிறேன். தளத்தின் தோற்ற அமைப்பில் எழுத்துருவையும் எழுத்தின் அளவையும் மாற்றுகிறோம். முகப்புப் பக்கம் உடனே மாறிவிடுகிறது. உள்ளே சில பக்கங்கள் மட்டும் பழைய கோலத்திலேயே நிற்கின்றன. ஏன்?

இதனை வெறும் அழகுக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணிபுரியும் தோழி ஒருவர் இதே சிக்கலோடு என்னிடம் வந்தார். அவருடைய தளத்தில் மாறாமல் நின்றவை முதலாம் ஆண்டு வாசிப்புப் பக்கங்கள். கைப்பேசித் திரையில் எழுத்து சிறுத்துவிட்டால், ‘கி’யையும் ‘கீ’யையும் வேறுபடுத்தும் சிறு சுழி கண்ணுக்குத் தெரியாது, ‘கெ’யும் ‘கே’யும் ஒன்றுபோலத் தோன்றும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை அங்கேயே தடுமாறும். தமிழ் படிக்க வாய்ப்பின்றி வளர்ந்த பெற்றோர் அருகில் அமர்ந்திருந்தாலும் திருத்த இயலாது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பல பிள்ளைகளுக்குக் கைப்பேசித் திரையே பாடநூலாக இருந்ததை நாம் மறக்கவில்லை.

இனி, காரணத்திற்கு வருவோம். இணையப் பக்கங்களின் தோற்றத்தை ஆள்வது சி.எஸ்.எஸ். என்னும் நடைத்தாள் மொழி. ஹோகோன் வியூம் லீ 1994-இல் இதனை முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அதன் முதல் தரம் வெளிவந்தது. ஒரே எழுத்துக்குப் பல கட்டளைகள் வந்தால் எதற்குக் கீழ்ப்படிவது என்பதற்கு அதில் தெளிவான வரிசைமுறை உண்டு. பொதுவாகச் சொன்னால், பொதுக் கட்டளையைவிடக் குறிப்பான கட்டளைக்கே வலிமை அதிகம். தளம் முழுமைக்கும் நாம் இடும் அமைப்பு பள்ளியின் பொதுவிதி போன்றது. பத்திக்குள் எழுதப்பட்ட கட்டளையோ வகுப்பாசிரியர் நேரில் சொல்லும் சொல் போன்றது. மாணவர் எதற்குச் செவிசாய்ப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பத்திக்குள் அந்தக் கட்டளை எப்படிப் புகுந்தது? பெரும்பாலும் வேர்ட் ஆவணத்திலிருந்து வெட்டி ஒட்டும்போதுதான். எழுத்துகளோடு, ‘இந்த எழுத்துரு, இந்த அளவு’ என்னும் குறிப்பும் சேர்ந்தே வந்து ஒட்டிக்கொள்கிறது. தளத்தின் அமைப்பை எத்தனை முறை மாற்றிச் சேமித்தாலும் இது அசையாது.

தமிழுக்கே உரிய காரணங்கள் இரண்டு உள்ளன. முதலாவது, நாம் தேர்ந்த எழுத்துருவில் தமிழ் வரிவடிவமே இல்லாதிருத்தல். அப்போது ஆங்கிலச் சொற்கள் மட்டும் புதுக்கோலம் பூணும். தமிழ்ச் சொற்களை உலாவி வேறோர் எழுத்துருவில் காட்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் போன்ற தமிழ் வடிவமுள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் இது தீரும்.

இரண்டாவது, பழைய குறியாக்கம். நம் நாட்டில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். 2001-இல் தமிழ் இணைய மாநாடும் கோலாலம்பூரில் நடந்தது. ஒருங்குறி பரவலாகும் முன்னர் தட்டெழுதிய பயிற்சித்தாள்கள் இன்றும் பல பள்ளிகளில் இருக்கின்றன. திஸ்கி போன்ற குறியாக்கத்தில் அமைந்த அப்பக்கங்கள் தமக்குரிய எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் புரியாத குறிகளாகிவிடும். அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே தளத்தின் அமைப்பு அவற்றில் செல்லுபடியாகும்.

நோயறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. அறிவியல் பாடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்கிறோம் அல்லவா? அதுவே இங்கும் முறை.

முதலில் பக்கத்தை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறவுங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால், உங்கள் உலாவி பழைய படியைச் சேமித்து வைத்துக் காட்டுகிறது என்று பொருள். அதனை அழித்தால் போதும். அங்கும் மாறவில்லையென்றால் புதிய பக்கம் ஒன்றைத் தொடங்கி, எங்கிருந்தும் ஒட்டாமல், இரண்டு வரிகளை நீங்களே தட்டெழுதுங்கள். புதிய பக்கம் அமைப்புக்குக் கட்டுப்பட்டால், குறை பழைய பக்கத்திற்குள்தான் இருக்கிறது. அதுவும் கட்டுப்படாவிட்டால் பக்க வார்ப்புருவைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் போன்றவற்றில் முகப்புக்கும் பதிவுக்கும் தனிப்பக்கத்திற்கும் வெவ்வேறு வார்ப்புருக்கள் இருக்கலாம். ஒன்றில் செய்த மாற்றம் மற்றொன்றுக்குப் போகாது.

தோழியின் பக்கங்களில் இருந்தது ஒட்டிவந்த கட்டளைதான். வடிவமைப்பை நீக்கும் பொத்தானை அழுத்தியதும் எழுத்துகள் விரிந்து தெளிந்தன. பன்னிரண்டு பக்கங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. இனி ஒட்டும்போது வெறும் எழுத்தாக மட்டும் ஒட்டுவது என்று அப்பள்ளியில் வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளித் தளத்தில் ஒரு பக்கம் படிக்க இயலாதிருந்தால், அதன் திரைப்படத்தை ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஆசிரியரின் கணினித் திரை பெரிது. அங்கே எல்லாம் தெளிவாகத்தான் தெரியும். உங்கள் பிள்ளையின் கையில் உள்ள சிறு திரையில் என்ன தெரிகிறது என்பதை நீங்கள்தாம் சொல்ல முடியும்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை