விட்டுக்கொடுத்த வெற்றி

ஃபிக்ஹு நூல்களில் வாணிபப் பாடத்தை நடத்துகையில் 'நஜ்ஷ்' என்னும் சொல்லருகே நாம் சற்று நின்று விளக்கம் கூறுவதுண்டு. வாங்கும் எண்ணம் சிறிதுமின்றி, பிறரை ஏமாற்றும் பொருட்டு ஏலத்தில் விலையை ஏற்றிக் கேட்பதே நஜ்ஷ். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இதனைத் தடுத்துள்ளார்கள். வாங்குவோனைப் போல் நிற்கும் அந்த வேடமே இங்குக் குற்றம்.

2024 ஏப்ரல் 14 அன்று பெய்ஜிங் நகரில் நடைபெற்ற அரை மாரத்தான் ஓட்டத்தைப் பற்றி அறிந்தபோது இப்பாடமே நம் நினைவுக்கு வந்தது. சீன வீரர் ஹே ஜியேயுடன் கென்யர் இருவரும் எத்தியோப்பியர் ஒருவரும் இறுதிவரை முன்னணியில் ஓடினர். எல்லைக்கோடு நெருங்கியதும் அம்மூவரும் வேகத்தைத் தணித்து, முன்னே செல்லுமாறு அவருக்குக் கைகாட்டினர். அவர் 1 மணி 3 நிமிடம் 44 விநாடியில் முதலாவதாக வந்தார். மூவரும் ஒரு விநாடி பின்தங்கினர். சீன நாட்டுச் சாதனையான 1 மணி 2 நிமிடம் 33 விநாடியை அவர் முறியடிப்பதற்கு வேகம் அமைத்துக் கொடுக்கவே தாங்கள் அமர்த்தப்பட்டதாக மூவருள் ஒருவர் பின்னர் கூறினார். விசாரணை நடந்தது, நால்வரின் முடிவுகளும் நீக்கப்பட்டன, பதக்கங்களும் பரிசுத் தொகையும் திரும்பப் பெறப்பட்டன.

வேகம் அமைத்துக் கொடுப்பது ஓட்டக்களத்தில் பழகிய தொழிலே. அதற்கென வருவோர் தனி அடையாளத்துடன் ஓடினால் காண்போர் ஏமாறுவதில்லை. இங்கோ அவர்கள் போட்டியாளராகவே காட்சியளித்தனர்.

விட்டுக்கொடுத்தல் நற்பண்பன்றோ எனச் சிலர் வினவலாம். நமக்குரியதை விட்டுக்கொடுப்பதே ஈகை. பந்தயத்தின் முடிவோ, பின்னால் மூச்சிரைக்க ஓடி வருவோர்க்கும் பார்த்து நிற்போர்க்கும் உரிய அமானிதம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓடியபோது முதல்முறை அன்னையார் முந்தினார். பின்னொரு முறை நாயகமே முந்தினார்கள். அன்பு நிறைந்த அவ்வில்லறத்திலும் ஓட்டம் ஓட்டமாகவே இருந்தது.

இதனை எழுதும் தகுதி நமக்கு முழுமையாக இல்லை. பல்லாண்டுகளுக்கு முன் நம் மாணவர்க்கு ஓட்டப்பந்தயம் வைத்தோம். பரிசுகளை வழங்கிய பெரியவரின் பேரன் முந்தட்டும் என்று, விரைந்தோடும் சிறுவன் ஒருவனின் காதில் நாமே சொன்னோம். அவனும் பணிந்தான். வென்ற பிள்ளை பரிசுடன் நம்மிடம் ஓடி வந்து, "ஹஜ்ரத், நான் இவ்வளவு வேகமாக ஓடுவேன் என்று எனக்கே தெரியாது!" என்றான். பணிந்த சிறுவன் அருகில் தலைகுனிந்து நின்றான். ஒருவனிடமிருந்து உழைப்பின் பயனைப் பறித்தோம். மற்றவனுக்கோ தன்னைப் பற்றியே ஒரு பொய்யைப் பரிசளித்தோம்.

ஹே ஜியே 2023 ஆசிய விளையாட்டுப் போட்டியில் மாரத்தான் தங்கம் வென்றவர். 2024 மார்ச்சில் அத்தூரத்தை 2 மணி 6 நிமிடம் 57 விநாடியில் ஓடிச் சீனச் சாதனை படைத்தவர். தம் கால்களால் இவற்றை ஈட்டியவருக்கு இரவல் வெற்றி எதற்கு? அவர்மீது அன்பு கொண்டோர் செய்யத்தக்க நன்மை ஒன்றுதான்: அவருடன் மெய்யாகவே ஓடியிருக்க வேண்டும்.