புள்ளலூருக்கு ஒரு டூர் புரோகிராம்

என் பள்ளித் தோழன் ஒருவன் தை மாதம் பிரான்சிலிருந்து வருகிறான். பாரீஸுக்கு வெளியே ஒரு புறநகரில் ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருப்பவன். புதுச்சேரியில் 'சொல்தா' என்போமே, அந்த ரகம். பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து பென்ஷன் வாங்குபவன். வயது என் வயதுதான், எழுபத்தைந்து. போன மாதம் போனில், "நீ இப்போ இருக்கிற ஊர்ல பார்க்க என்னடா இருக்கு?" என்று கேட்டான்.

நான் இப்போது இருப்பது ஒரகடத்தில், மகன் வீட்டில். மனைவி போனபிறகு புதுச்சேரி வீட்டைப் பூட்டிவிட்டு வந்தேன். மகனுக்கு இங்கே உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை. ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பஸ்களும். பிரெஞ்சு மீடியத்தில் படித்துவிட்டு, அரசு அலுவலகத்தில் பழைய பிரெஞ்சுக் கோப்புகளைப் படித்துச் சொல்லும் குமாஸ்தாவாகவே காலம் தள்ளியவன் நான். அந்த பாஷையை மூட்டை கட்டியாயிற்று என்று நினைத்தால், ஒரகடத்தில் ரெனோ கார் தொழிற்சாலை, ஸ்ரீபெரும்புதூரில் சென் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலை! (நம்மவர்கள் 'செயின்ட் கோபைன்' என்கிறார்கள். திருத்துவதை நிறுத்திவிட்டேன்.) பாரீஸ்காரனை அழைத்து வந்து ரெனோவைக் காட்டவா முடியும்? யோசிக்காமல், "யுத்தகளம் இருக்குடா" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது பொய்யில்லை. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் மணிமங்கலம். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடித்த இடங்களில் ஒன்றாகக் கூரம் செப்பேடு சொல்லும் ஊர். கல்கி படித்தவர்களுக்கு இது பழைய செய்தி. நான் கல்கியைப் படித்ததே நாற்பது வயதுக்கு மேல். இன்னொரு பக்கம், காஞ்சிபுரத்துக்கு வடக்கே, இப்போது விமான நிலையம் வரப்போகிறது என்று பேச்சாக இருக்கும் பரந்தூர்ப் பக்கம், புள்ளலூர். அங்கே நரசிம்மவர்மனின் தகப்பன் மகேந்திரவர்மன் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. காசாக்குடி எங்கள் காரைக்கால் பக்கத்து ஊர் என்பதில் எனக்கு ஒரு தனிப்பெருமை.

ஆனால் நான் மனதில் வைத்துச் சொன்னது அந்தப் போரை அல்ல. அதே புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10ஆம் தேதி நடந்ததை. வெள்ளைக்காரன் வாயில் அது 'பொள்ளிலூர்' ஆயிற்று.

அந்த வருஷம் ஜூலையில் ஹைதர் அலி பெரும் படையோடு கணவாய் இறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்தார். சென்னையிலிருந்து ஜெனரல் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரத்துக்கு வந்து தங்கினார். குண்டூர்ப் பக்கமிருந்து கர்னல் பெய்லி வந்து அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டும் என்பது திட்டம். பெய்லி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தபோது ஆற்றில் தண்ணீர் குறைவு. காலையில் கடக்கலாம் என்று அக்கரையிலேயே கூடாரம் போட்டார். இரவு வெள்ளம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு மேல் அங்கேயே கிடந்தார்கள். பிறகு பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். மன்றோ அனுப்பிய ஆயிரம் பேர் எப்படியோ வந்து சேர, மொத்தம் சுமார் 3,800 பேர் ஆனார்கள். இரவோடு இரவாகக் காஞ்சிக்குப் புறப்பட்டவர்கள், என்ன காரணமோ, நடுவழியில் மறுபடி நின்றார்கள். விடிந்தால் சுற்றிலும் ஹைதரும் திப்புவும். ராக்கெட்டுகள், பீரங்கிகள். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்தபின் மிச்சம் ஒன்றுமில்லை. மன்றோவுக்குக் காஞ்சியில் பீரங்கிச் சத்தம் கேட்டது. போய்ச் சேரவில்லை. கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கைதியாகவே செத்தார். அந்த ஊர் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்தச் சண்டை முழுக்கச் சித்திரமாக இருக்கிறது. மனைவியோடு மைசூர் டூர் போனபோது பார்த்தேன். நடுவில் பல்லக்கில் அடிபட்ட பெய்லி.

ஹைதர் பக்கம் லாலி என்ற பிரெஞ்சுக்காரரின் சிறு படையும் இருந்தது. வந்தவாசியில் தோற்ற லாலிதான் பழிதீர்க்க வந்தார் என்று நான் அலுவலகத்தில் பல வருஷம் பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த லாலியின் தலையைப் பாரீஸில் 1766லேயே வெட்டிவிட்டார்கள் என்பது பிறகுதான் உறைத்தது. இவர் வேறு லாலி. அன்று கேட்டுத் தலையாட்டிய சக ஊழியர்கள் மன்னிக்கவும்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். பழைய பழக்கம் விடவில்லை. அரைத்தாள் எடுத்து, கோடு போட்டு, டூர் புரோகிராம் தயாரித்தேன். காலை 6 மணிக்குப் புறப்பாடு, மணிமங்கலம், ஸ்ரீபெரும்புதூர் கோவில், பேரம்பாக்கம், புள்ளலூர், காஞ்சியில் சாப்பாடு, மாலை வந்தவாசிக் கோட்டை. மகன் ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து அதைப் பார்த்தான். "அப்பா, எனக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்து நூத்தம்பது வயசு. பாத்ரூம் எங்கெங்கே இருக்குன்னு இதுல ஒரு காலம் போட்டீங்களா?" என்றான். போடவில்லை. வந்தவாசி அடிபட்டது. பேரம்பாக்கம் அடிபட்டது. மணிமங்கலத்தை நானே அடித்தேன். மனசில்லாமல்தான்.

புள்ளலூரை மட்டும் விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு, மகனுக்குத் தெரியாது.

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விதி. என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. தோழனின் அப்பா கொடுத்தார். அவர் இந்தோசீனாவில் சண்டை போட்டுவிட்டு வந்த மனிதர். அந்த ஒரு கையெழுத்தால் அவன் பதினெட்டு வயதில் கப்பலேறினான், நான் கிளார்க் ஆனேன். 1986இல் லீவில் வந்தவன் அவன் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருக்கும்போது, "உங்க அப்பா அன்னிக்கு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நீ இப்படி ஃபைல் தூக்கிக்கிட்டு இருக்க வேண்டாமே" என்றான். கேலிதான். எனக்குச் சுருக்கென்றது. "கூலிக்குச் சண்டை போட்டு வயிறு வளர்க்கிற வம்சம் இல்லடா எங்களது" என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பா கதவோரம் நாற்காலியில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனார்.

பதினோரு வருஷம் எங்களுக்குள் பேச்சில்லை. என் அம்மா இறந்தபோது அவனிடமிருந்து கடிதம் வந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டோம். அதற்குள் அவன் அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அந்தத் திண்ணைப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பெய்லியின் அந்த 3,800 பேரில் வெள்ளையர் சில நூறு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் சிப்பாய்கள், நம் பக்கத்து ஆட்கள். மாதச் சம்பளத்துக்கு வந்தவர்கள். எதிரே நின்றவர்களும் சம்பளத்துக்கு வந்தவர்களே. குதிரைப்படை மேலே வந்து விழ விழ, வரிசை கலையாமல் பலமுறை திருப்பி அடித்தார்கள் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கூலி என்று நான் சொன்ன சொல் அந்த வரிசையில் யாரோடும் ஒட்டவில்லை.

ரெண்டு வாரம் முன்பு பேரனை அழைத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்து முன்கூட்டியே பார்த்துவிட்டு வந்தேன். இருபுறமும் நெல் வயல், பனைமரம். ஆங்கிலேயருக்கு வைத்த நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அவை பெய்லியின் ஆட்களுக்கு வைத்தவை என்று பலர் நினைப்பார்கள். இல்லை. அடுத்த வருஷம், 1781 ஆகஸ்ட் 27இல், ஐர் கூட் இதே களத்துக்கு வந்து ஹைதரோடு மோதினார். அதில் இறந்த இரண்டு அதிகாரிகளுக்கான தூண்கள் அவை. பேரன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "அவ்வளவுதானா தாத்தா?" என்றான். ஆட்டோக்காரரும் அதையேதான் கேட்டார். நான் காரை எங்கே நிறுத்தலாம், அங்கிருந்து எத்தனை அடி நடக்க வேண்டும் என்று எண்ணிக் குறித்துக்கொண்டேன். நிழல் போதாது. ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். டீக்கடைக்காரம்மாவிடம் பாத்ரூம் விஷயமும் பேசி வைத்தாயிற்று.

நேற்று அவனை அழைத்துத் திட்டத்தைப் படித்துக் காட்டினேன். 7 மணிக்கு ஒரகடம், சுங்குவார்சத்திரத்தில் இட்லி, 9க்குள் புள்ளலூர், பகல் சாப்பாடு காஞ்சியில், பிறகு வீட்டுக்கு வந்து தூக்கம். போர்க் கதையையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அந்தச் சிப்பாய்ங்க பேரு எங்கேயாவது எழுதியிருக்காடா?"

"அங்க இல்லடா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு, "அப்பா இருந்திருந்தா அவரையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்" என்றான்.

முப்பது சொச்ச வருஷமாகத் தயாராக வைத்திருந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. போனில் சொல்வதற்கு அது சரிவரவில்லை. அவனே, "எனக்கு முட்டி சரியில்ல. அங்க உட்கார இடம் இருக்கா?" என்று கேட்டான்.

மடக்கு நாற்காலி ரெண்டு டிக்கியில் போட்டு எடுத்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.