தொண்ணூறு நாள் கணக்கு

மத்திய அரசின் தேசியத் தொழில் வகைப்பாடு 2008-இல் எல்லாத் தொழிலுக்கும் ஓர் எண் உண்டு. காய்கறி, தர்ப்பூசணி, முலாம்பழம், கிழங்கு பயிரிடுகிறவர்களுக்கு 0113. கீரையும் தக்காளியும் மரவள்ளியும் அந்த ஒரே எண்ணுக்குள் வருகின்றன. கரும்பு 0114-க்குப் போய்விடும். மிளகாயை நறுமணப் பொருள்களோடு சேர்த்து 0128-இல் வைத்திருக்கிறார்கள். இந்தப் பட்டியலை மனதில் வைத்துக்கொண்டு பொம்மிடிக்குப் போனால், ஊரைத் தாண்டிய முதல் கொல்லையிலேயே அது கலைந்துபோகிறது. நான் பார்த்தது ஒரே குடும்பத்தின் நிலம். கிணற்றை ஒட்டிக் கரும்பு, நடுவில் தக்காளி, வரப்போரம் மிளகாய், மேட்டில் மரவள்ளி. நான்கு பயிர், மூன்று எண்.

பொம்மிடி தருமபுரி மாவட்டத்தின் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தில், ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில் இருக்கிறது. பேரூராட்சிக்குப் பெயர் பொ. மல்லாபுரம், பேச்சில் பொம்மிடிதான். தெற்கே சேர்வராயன் மலை எழும்பி நிற்கிறது, அதன் மேல் ஏற்காடு. மலையடியிலிருந்து விரியும் செம்மண் நிலத்தில் பெரும்பாலும் கிணறும் போரும்தான் பாசனம். வெற்றிலைக்கும் இந்தப் பக்கம் பெயர் உண்டு. மாவட்டத்தில் தக்காளிக்குப் பெயர் வாங்கிய ஊர் பாலக்கோடு. அதைத் தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டை. அந்த இரண்டு சந்தைகளில் காலையில் என்ன விலை என்பது, இங்கே பறிப்பு தொடங்குவதற்குள் கைபேசியில் வந்துவிடுகிறது.

மேட்டு மரவள்ளியைக் காட்டி, இதற்கு அவசரமே கிடையாது என்றார் நிலத்துக்காரர். எட்டு முதல் பத்து மாதத்தில் முதிரும். விலை சரியில்லை என்றால் இன்னும் சில வாரம் மண்ணிலேயே விட்டுவைக்கலாம். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. 1981-இல் உருவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஜவ்வரிசிக்கும் ஸ்டார்ச்சுக்கும் சந்தையாக நிற்கிறது. ஆனால் அதே 0113-க்குள் இருக்கும் தக்காளி, பழுத்த பிறகு நாலு நாள்கூடச் செடியில் காத்திருக்காது. பயிரிடும் தொழில் என்று இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடலாம்தான். ஆனால் ஒன்றுக்கு மண் வேண்டும், மற்றொன்றுக்குத் தேதி வேண்டும்.

அந்தத் தேதி தொடங்குவது கொல்லையில் அல்ல, நாற்றுப் பண்ணையில்.

நிழல்வலைக் கூடாரத்துக்குள் கருப்பு பிளாஸ்டிக் தட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒரு தட்டுக்கு 98 குழி. குழிக்குள் மண் கிடையாது, பதப்படுத்திய தென்னை நார்க்கழிவு. பெண்கள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்து குழிக்கு ஒரு விதை என்று போட்டுக்கொண்டே போனார்கள். வீரிய ஒட்டு ரக விதையில் ஒன்று தவறினாலும் காசு போச்சு என்பதால் பேச்சு வாயில் நடந்தாலும் கண் தட்டை விட்டு நகரவில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பிகேஎம் 1 போன்ற ரகங்களில் விவசாயியே பழத்திலிருந்து விதை எடுத்து, மேட்டுப்பாத்தியில் தூவி நாற்று விட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது விதையும் நாற்றும் தனித்தனித் தொழில். வகைப்பாட்டில் நாற்றுப் பண்ணைக்கு எண்ணும் வேறு: 0130.

நாற்றுக்கு 25 நாள். அதற்கு மேல் தட்டில் வைத்திருந்தால் வேர் சுருண்டு, தண்டு நீண்டு, நட்ட பிறகு தேறாது. ஆகவே முன்பணம் கொடுத்துப் பதிவு செய்த நாளிலேயே நடவு நாளும் முடிவாகிவிடுகிறது. நட்ட அறுபது, எழுபது நாளில் முதல் பறிப்பு. நாற்றுப் பண்ணையில் பெயர் எழுதிய நாளிலிருந்து சந்தைக்குப் பெட்டி போகும் நாள்வரை ஏறத்தாழ மூன்று மாதம். இந்தத் தொண்ணூறு நாளுக்குள் விலை என்ன ஆகும் என்பதுதான் முழு ஆட்டமும்.

நடவு நாளில் ஆள் வேலை அதிகம். நாலடிக்கு ஒரு பார், செடிக்குச் செடி ஒன்றரை அடி என்று கணக்கு வைத்தால் ஏக்கருக்கு ஏழாயிரத்து இருநூறு நாற்று. பாரின் மேல் சொட்டுநீர்க் குழாய், அதை மூடி மல்ச்சிங் ஷீட், ஷீட்டில் வட்டத் துளை. நாற்றைத் தட்டிலிருந்து உருவி, துளைக்குள் வைத்து, இரண்டு விரலால் அழுத்தி நகர வேண்டும். முழங்காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்து ஒரு பாரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போகிறார்கள். நிமிர்ந்தால் மறுபடி குனிவது கஷ்டம் என்று ஒரு பெரியம்மா சொன்னார். பக்கத்து ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் குழுவாக வந்தவர்கள். குழுத்தலைவியிடம் கைபேசி, நோட்டு, யார் வீட்டில் எந்த நாள் வேலை என்ற பட்டியல் எல்லாம் இருக்கின்றன. சொந்தமாக அரை ஏக்கர் கத்தரி வைத்திருப்பவர்களும் இந்தக் குழுவில் உண்டு. விடியலில் தன் செடியில் காய் பறிக்கும்போது 0113. எட்டு மணிக்குப் பிறகு அடுத்தவர் கொல்லையில் ஒப்பந்தக் கூலிக்கு நட்டால் 0161, பயிர்த்தொழிலுக்கான உதவிப் பணி. அறுவடைக்குப் பின் தரம் பிரித்தால் 0163. ஒரே முந்தானையில் ஒரே நாளில் மூன்று எண் ஏறி இறங்குகிறது.

தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் எந்தப் பேச்சும் முடியாது. கிணறு வற்றினால் போர், அதுவும் வற்றினால் இன்னும் ஆழமான போர். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் நூறு சதவீத மானியத்திலும் மற்றவர்களுக்கு 75 சதவீத மானியத்திலும் கிடைப்பதால், குழாய் இல்லாத தக்காளித் தோட்டத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குழாய் வந்த பிறகு தண்ணீர் மட்டும் அல்ல, உரமும் அதன் வழியே கரைந்து போகிறது. களை குறைந்தது, களையெடுப்புக் கூலியும் குறைந்தது. பறிப்புக் கூலி மட்டும் குறையவில்லை.

பூச்சிக்கும் தேதி உண்டு. நட்ட மாத்திரத்தில் வெள்ளை ஈ வந்தால் இலைச்சுருட்டு நோய். செடி குட்டையாகிக் காய் பிடிக்காது. அதைத் தடுக்க ஓரத்தில் நெருக்கமாகச் சோளம் விதைத்திருக்கிறார்கள். மஞ்சள் ஒட்டும் அட்டைகள் குச்சிகளில் தொங்குகின்றன. இடையிடையே செண்டுமல்லி நிற்பது அழகுக்கு அல்ல. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு அதில் முட்டையிடட்டும் என்பதற்காக. பூத்தால் பூவும் விற்கும். இவற்றுக்கெல்லாம் அடங்காதது ஊசிப்புழு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2014-இல் மகாராஷ்டிரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, தெற்கே பரவியது. இலையைச் சுரண்டி, பழத்தில் ஊசி நுழைந்தது போல் ஓட்டை போடும். அந்த ஓர் ஓட்டை போதும், பழம் முதல் தரத்திலிருந்து விழுந்துவிடும்.

பறிப்பைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலின் நுட்பம் பிடிபட்டது. காலை வெயில் ஏறுவதற்குமுன் வரிசையில் இறங்கிய பெண்களில் ஒருத்தி, "அக்கா, செங்காயா, பழமா?" என்று கேட்டாள். மற்றவள் நிமிராமலே, "வண்டி எங்க போவுதுன்னு அண்ணன கேளு" என்றாள். வண்டி வெளிமாநிலத்துக்கு என்றால் பாதி சிவந்த செங்காய். பக்கத்துச் சந்தைக்கு என்றால் முழுப் பழம். எந்தச் சிவப்பில் கை வைப்பது என்பதைச் செடி முடிவு செய்வதில்லை, லாரி முடிவு செய்கிறது. காம்பை ஒட்டித் திருகி எடுக்கிறார்கள். இழுத்தால் கிளை ஒடியும், அடுத்த கொத்து போய்விடும். மரத்தடியில் குவித்து முதல் தரம், இரண்டாம் தரம், பொடி, சொத்தை என்று பிரிக்கும்போது கை வேகத்துக்குக் கண் ஈடுகொடுக்க முடியவில்லை. முன்பு மூங்கில் கூடை. அடியில் இருந்த பழம் நசுங்கிச் சாறு ஒழுகும். இப்போது பிளாஸ்டிக் பெட்டி. 25 கிலோ அளவில் நிரப்பி, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கி, டாடா ஏஸில் ஏற்றுகிறார்கள். ஊர் நடுவே ரயில் நிலையம் இருந்தும் பெட்டிகள் போவது சாலை வழியாகத்தான்.

மண்டியில் ஏலம். வழக்கமாக நூற்றுக்குப் பத்து கமிஷன். விலை கூடினாலும் குறைந்தாலும் கமிஷன் மண்டிக்கு உண்டு, வாடகை வண்டிக்கு உண்டு, கூலி பறித்தவருக்கு உண்டு. பெட்டி நூறு ரூபாய்க்குப் போனால் கிலோ நான்கு ரூபாய். அதில் பத்து ரூபாய் கமிஷன் போக, பறிப்புக் கூலி, வண்டி, இறக்குக்கூலி எல்லாம் கழித்தால் கையில் நிற்பது நாற்றுக்குக் காணாது. அப்படிப்பட்ட நாட்களில் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவார்கள், அல்லது மாட்டை உள்ளே அவிழ்த்து விடுவார்கள். வேளாண் புள்ளிவிவரத்தில் அது விளைந்த பரப்பாகவே இருக்கும்.

2023 ஜூலையை இங்கே யாரும் மறக்கவில்லை. சில்லறை விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது தமிழக அரசு சென்னையின் 82 ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்றது. அந்த வாரங்களில் செடியில் பழம் வைத்திருந்தவர்கள் கடன் அடைத்தார்கள். வைத்திராதவர்கள் நாற்றுப் பண்ணைக்கு ஓடினார்கள். செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டிய செய்திகள் வந்தன. "அன்னைக்கு வெலையப் பாத்து நாத்து வாங்கினவன், நாத்து வாங்கின எல்லாரோடவும் சேந்துதான் சந்தைக்கு வருவான்" என்றார் நிலத்துக்காரர். விலை ஊசலாட்டத்தைத் தணிக்க 2018-19 மத்திய பட்ஜெட்டில் தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென 500 கோடி ரூபாயில் 'ஆபரேஷன் கிரீன்ஸ்' அறிவிக்கப்பட்டது. அதைப் பற்றிக் கேட்டபோது, வெங்காயம் வைப்பவர்களுக்குப் பட்டறை போட்டு வைக்கவாவது முடியும் என்பதே பதிலாக வந்தது.

அமெரிக்க வகைப்பாட்டிலும் 0113-க்கு ஈடான எண் உண்டு: 1112, காய்கறி மற்றும் முலாம்பழ வேளாண்மை. கலிபோர்னியாவில் 1960-களில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இயந்திர அறுவடைக்கென்றே கெட்டித்தோல் தக்காளி ரகத்தை உருவாக்கினார்கள். எல்லாக் காயும் ஒரே சமயத்தில் பழுக்கும், இயந்திரம் செடியோடு வாரிவிடும், பழம் நேராகச் சாஸ் ஆலைக்குப் போகும். நடுவதற்கு முன்பே விலை பேசியாகிவிடும். அங்கே தேதியின் பாரத்தை ஒப்பந்தம் சுமக்கிறது. பொம்மிடியில் அதைச் சுமப்பவர் நிலத்துக்காரர்.

கோடையை நோக்கி விதைக்கும் தர்ப்பூசணியில் தேதி இன்னும் இறுக்கமானது. வீரிய ஒட்டு ரகம் 65 முதல் 75 நாளில் முடிந்துவிடும். ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். பெண் பூ அதிகம் வர இளம் கொடியில் எத்ரல் தெளிக்கிறார்கள். மகரந்தம் சேர்ப்பது தேனீ. அது காலையில் வருகிறது என்பதால் மருந்தடிப்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வெட்டும் நாளைச் சொல்வதற்கென்றே கை பழகியவர்கள் இருக்கிறார்கள். காய்க்கு அருகில் இருக்கும் பற்றுச்சுருள் காய்ந்திருக்க வேண்டும், தரையில் பட்ட அடிப்பகுதி வெள்ளையிலிருந்து மஞ்சளாகியிருக்க வேண்டும், தட்டினால் கணீரென்று இல்லாமல் மந்தமாக ஒலிக்க வேண்டும். வெட்டிய பிறகு தர்ப்பூசணியில் இனிப்பு ஏறாது. மாம்பழம் போல வைக்கோலில் பழுக்க வைக்கும் வேலை இதில் நடக்காது. பெரும்பாலும் வியாபாரியே டன் கணக்கில் விலை பேசி, தன் ஆட்களோடும் லாரியோடும் வருகிறார். காய் கைமாறிக் கைமாறிப் போய் வைக்கோல் பரப்பிய லாரிக்குள் இறங்குகிறது. 2025 கோடையில் பழத்துக்குச் செயற்கை நிறம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, தமிழ்நாடு முழுவதும் தர்ப்பூசணி வாங்க ஆளில்லாமல் போனது. விவசாயிகள் இழப்பீடு கேட்டார்கள். வதந்தி அடங்குவதற்குள் பருவம் முடிந்துவிட்டது.

இடைத்தரகு இல்லாத வழி ஒன்று இருக்கிறது. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் தருமபுரிக்கும் வந்து வெகுகாலம் ஆகிறது. அடையாள அட்டை உள்ள விவசாயி கமிஷன் இல்லாமல் நேராக விற்கலாம். ஆனால் அது கூடைக் கணக்குக்குப் பொருந்தும், வண்டிக் கணக்குக்குப் பொருந்தாது. விடியலில் தராசு முன் உட்கார வீட்டில் ஓர் ஆள் வேண்டும். கீரை, அவரை, கத்தரி வைப்பவர்கள் போகிறார்கள். இரண்டு ஏக்கர் தக்காளியை அங்கே கொண்டுபோய்க் கொட்ட முடியாது.

ஆகவே பலர் பந்தலுக்கு மாறுகிறார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தோட்டக்கலைத் துறை மானியத்தில் பாகல், புடலை, பீர்க்கு. முதலீடு அதிகம், ஆனால் ஒரு பந்தல் பல பயிருக்கு நிற்கும். புடலங்காய் வளைந்து போகாமல் இருக்க நுனியில் சிறு கல் கட்டித் தொங்கவிடுவது இங்கேயும் நடக்கிறது. நேராக இருந்தால்தான் கட்டாகக் கட்டி ஏற்ற முடியும். பழ ஈக்குப் பிளாஸ்டிக் பொறி. பாகல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கலாம் என்பதால் இன்று விலை விழுந்தாலும் நாளை மறுநாள் இருக்கிறது.

திரும்பும் வழியில் நாற்றுப் பண்ணைக்காரரின் பதிவு நோட்டைப் பார்க்க முடிந்தது. ஊர், ரகம், தட்டு எண்ணிக்கை, எடுக்கும் தேதி. எந்த வாரம் தக்காளிப் பதிவு நெருக்கியடிக்கிறதோ, அதிலிருந்து மூன்று மாதம் தள்ளி விலை விழும் என்று அவர் வெளிப்படையாகவே சொல்கிறார். பாப்பிரெட்டிப்பட்டி, பாலக்கோடு, ராயக்கோட்டைப் பண்ணைகளின் நோட்டுகளை வாரா வாரம் யாராவது கூட்டி அறிவித்தால் போதும், விவசாயிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்பது அவர் யோசனை. நான் அங்கே இருந்தபோதே நிலத்துக்காரர் வந்து, தான் பதிந்திருந்த தக்காளித் தட்டுகளில் பாதியைக் குறைத்தார். அந்த இடத்துக்குப் பாகல் நாற்று கேட்டார். மீதித் தக்காளியை மூன்று வாரம் தள்ளி எழுதச் சொன்னார். பண்ணைக்காரர் பழைய தேதியை அடித்துப் புதிய தேதியை எழுதிவிட்டு, பாகலுக்கு முன்பணம் கேட்டார்.