எட்டு மில்லிமீட்டர்

கார்டிஃப் நகரில் மென்பொருள் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 2021 கடைசியில் ஒரு புகைப்படம் அனுப்பினார். வெள்ளி நாணயம். தட்டையாக இல்லை. யாரோ பெருவிரலால் நடுவில் அழுத்திவிட்டதுபோல் ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் புடைத்து இருந்தது. கீழே ஒரு வரி: “அண்ணா, பத்தர் வீட்டுப் பிள்ளைக்கே புரியல, இத எப்படி அடிச்சான்னு.”

நண்பரின் தாத்தா கும்பகோணம் பக்கம் நகைப் பட்டறை வைத்திருந்தவர். காசுமாலைக்கு லட்சுமி உருவம் எடுக்க, வெண்கல அச்சின்மேல் மெல்லிய தங்கத் தகட்டை வைத்து, அதன்மேல் ஈயத்தை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு போடுவாராம். தகடு உருவமும் எடுத்துக்கொள்ளும், லேசாகக் குவிந்தும் வரும். அது தகடு. இதுவோ கனமான வெள்ளி. ஒருபக்கம் எலிசபெத் ராணியின் தலை, மறுபக்கம் லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கம். 1871 மார்ச் 29 அன்று விக்டோரியா ராணி முன்னிலையில் திறக்கப்பட்ட அரங்கத்துக்கு 150 வயது ஆனதற்காக வெளியிட்ட ஐந்து பவுண்டு நாணயம். அரங்கத்தின் குவிமாடத்தைப் போலவே நாணயத்தையும் வளைத்துவிட்டார்கள். பிரிட்டனின் நாணயங்களில் இப்படி வளைந்து வந்தது இதுதான் முதல்முறை.

2022 வசந்தத்தில் ஒரு வேலையாக நான் அந்தப் பக்கம் போக நேர்ந்தபோது, “வாங்க, அது பிறந்த இடத்தையே பாத்துடலாம்” என்றார்.

கார்டிஃபிலிருந்து ரயிலில் பான்டிக்ளன், அங்கிருந்து டாக்சி. ஊரின் பெயர் லான்ட்ரிசன்ட் என்று எழுதுகிறேனே தவிர, அதன் முதலெழுத்தை வேல்ஸ்காரர்கள் சொல்லும் விதம் வேறு. நம் ழகரம்போல் வெளியூர்க்காரன் நாக்கில் சிக்காத ஒலி. மலைமேல் இருக்கும் பழைய ஊரின் முற்றத்தில் நரித்தோல் தொப்பியும் விரித்த கைகளுமாக ஒரு சிலை நிற்கிறது. வில்லியம் பிரைஸ் என்ற மருத்துவர். 1884இல் இறந்துபோன தன் குழந்தையை இந்தக் குன்றில் எரியூட்டப் போய் வழக்கில் மாட்டியவர். அந்த வழக்கில் அவர் வென்றதால்தான் பிரிட்டனில் பிணத்தை எரிப்பது குற்றமில்லை என்று ஆனது. நாணயம் பார்க்க வந்தவன் இதை எழுதவேண்டியதில்லைதான். ஆனால் சுடுகாட்டுக்கு அனுமதி வாங்கித் தந்தவருக்குச் சிலை வைத்த வேறு ஊரை நான் பார்த்ததில்லை.

நாணயம் பிறந்த இடமான ராயல் மின்ட் மலைக்குக் கீழே, தொழிற்பேட்டைக்குள் இருக்கிறது. தங்கசாலை என்ற சொல்லை நாம் சென்னையில் ஒரு தெருவின், பேருந்து நிலையத்தின் பெயராகத்தான் மிச்சம் வைத்திருக்கிறோம். இங்கே அது நடந்துகொண்டிருந்தது. லண்டன் டவர் ஹில்லில் இருந்த தங்கசாலையை 1968 முதல் இங்கே கொண்டுவரத் தொடங்கினார்கள். 1971 பிப்ரவரி 15 முதல் பிரிட்டன் பத்துப் பத்தாக எண்ணும் காசுக்கு மாற இருந்தது. கோடிக்கணக்கில் புதுக் காசு அடிக்கப் பழைய இடம் போதவில்லை. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த பள்ளத்தாக்குகளுக்கு வேலையும் வேண்டியிருந்தது.

பார்வையாளர்களைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பக்கம் பிரஸ்கள் ஓடுகின்றன. உலோகத்தை உருக்குவது, தகடாக உருட்டுவது, வட்டம் வெட்டுவது, அந்த வட்டங்களைச் சூடாக்கிக் கழுவுவது எல்லாவற்றையும் வழிகாட்டிப் பெண் சொன்னாள். பாதி காதில் விழவில்லை, மீதி மனதில் நிற்கவில்லை. கடைசியில் தனிக்கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு பித்தானை அமுக்கி நாமே ஒரு நாணயம் அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அமுக்கினேன். விழுந்தது. பையில் போட்டுக்கொண்டேன்.

நண்பரின் எதிர்வீட்டுக்காரரிடம் அன்று மாலை அதைக் காட்டினேன். “நீங்கள் அடித்ததா? லிஃப்டில் பித்தானை அமுக்கினால் கட்டடம் ஏறியதாகச் சொல்வீர்களா?” என்று சிரித்தார். அந்த மின்டில் அச்சுப் பிரிவில் நாற்பத்தைந்து வருடம் இருந்து 2019இல் ஓய்வு பெற்றவர். என் பயணம் உண்மையில் அவர் சமையலறை மேஜையில்தான் நடந்தது.

ரான்டா பள்ளத்தாக்குக்காரர். அப்பா சுரங்கத் தொழிலாளி. கரித்தூள் புகுந்து ஆறிய காயங்களெல்லாம் தோலுக்கடியில் நீலக் கோடுகளாக நிற்குமாம். அப்பாவின் கைகளை அப்படித்தான் நினைவு வைத்திருக்கிறார். 1974இல், பதினாறு வயதில், மகன் தொழில் பழகுநராகச் சேர்ந்தபோது, அந்தக் கைகள் இந்தக் கைகளைப் புரட்டிப் பார்த்து, “இது வேலை செய்கிற கையா?” என்று கேட்டனவாம். கேலி இல்லை, நிம்மதிதான் என்று பிற்பாடு புரிந்தது என்றார்.

அந்தக் காலத்து எந்திரம் ஒன்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது முகம் மாறிவிட்டது. சிற்பி தட்டு அளவுக்குச் சுதையில் உருவம் செய்து தருவார். அதிலிருந்து கெட்டியான வார்ப்பு எடுத்துச் சுருக்கு எந்திரத்தில் மாட்டுவார்கள். ஒரு முனையில் மழுங்கிய ஊசி வார்ப்பின்மேல் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஊர்ந்து போகும். மறுமுனையில் ஒரு கூர் உளி அதே அசைவைச் சிறிதாக்கி எஃகில் கொத்தும். ஒரு தலை முடிய ஒரு நாளுக்கு மேல் ஆகும். இரவில் ஓடவிட்டு வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராதாம். ஊசி ஒரு தூசியில் ஏறி இறங்கினால் ராணியின் கன்னத்தில் பரு முளைத்துவிடும். இப்போது உருவத்தைக் கணினியில் ஏற்றி எந்திரமே எஃகை வெட்டுகிறது. அந்த எஃகை அழுத்தி இன்னொரு எஃகு, அதை அழுத்தி வேறொன்று, இடையிடையே காய்ச்சி ஆறவைப்பது என்று ஒரு வம்சாவளி. நான் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். நண்பர் மட்டும் தாத்தாவின் பேரனாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வளைந்த நாணயத்துக்கு எங்கே கஷ்டம்?” என்று கேட்டேன்.

“அது நான் வெளியே வந்தபிறகு செய்தது. ஆனால் கஷ்டம் எங்கே இருக்கும் என்று தெரியும்” என்று ஒரு ஸ்பூனைக் கையில் எடுத்தார். சாதாரண நாணயத்தில் மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே உலோகம் நெரிபட்டு உருவம் ஏற்கும். இதில் அது முதலில் வளையவேண்டும். வளையும்போது எங்கும் மடங்கவோ மெலியவோ கூடாது. சேகரிப்போருக்கான நாணயம் என்பதால் வெற்றிடம் கண்ணாடிபோல் பளபளக்கவும், உருவம் மட்டும் பனி படர்ந்ததுபோல் மங்கி நிற்கவும் வேண்டும். ஆக அச்சின் வெற்றிடத்தை வைரப் பசையால் மெருகிடவேண்டும். தட்டையான அச்சென்றால் கை ஒரே தளத்தில் போகும். குழியிலும் குமிழிலும் மெருகு போட்டுப் பாருங்கள். கை கொஞ்சம் தயங்கிய இடத்தில் வெளிச்சம் நெளியும். ஸ்பூனின் குழிவில் தெரிந்த தன் தலைகீழ் முகத்தைக் காட்டினார். “இதில் உங்கள் மூக்கு நேராகத் தெரியவேண்டும். அவ்வளவுதான்.”

பிறகு அரங்கத்தின் கதைக்குப் போனார். அதன் கூரை இரும்பும் கண்ணாடியும். நீளவாக்கில் 219 அடி, அகலவாக்கில் 185 அடி. அரங்கம் நீள்வட்டம், நாணயம் வட்டம் என்பதில் அவருக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். இரும்புச் சட்டங்களை மான்செஸ்டரில் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்து, கழற்றி, லண்டனுக்குக் கொண்டுவந்து மறுபடி பூட்டினார்கள். கடைசியில் அடியில் தாங்கிய சாரத்தை எடுக்கும் நாள். விழுந்தாலும் விழலாம் என்பதால் விருப்பப்பட்டு நின்றவர்களைத் தவிர மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். கூரை இறங்கியது, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. எட்டு மில்லிமீட்டர். அங்கேயே நின்றுவிட்டது.

“பூட்டியவர்கள் பெயர் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை” என்றார். கட்டட வரைஞர்களான ஃபௌக், ஸ்காட் என்ற இரண்டு ராணுவப் பொறியாளர்களின் பெயர்கள் எல்லா நூலிலும் இருக்கின்றன.

நண்பர் அந்த நாணயத்தை மின்டில் வாங்கவில்லை. விற்றுத் தீர்ந்துவிட்டது என்றதும், ஒரு வியாபாரியிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இது சட்டப்படி செல்லும் காசுதான், ஆனால் எந்தக் கடைக்காரரும் வாங்கியே தீரவேண்டும் என்று கட்டாயமில்லை. செலவழிக்க முடியாத காசு, கையில் எடுக்கக் கூடாத காசு. வெளியான அன்றே பத்து, இருபது என்று அள்ளிக்கொண்டு மறுவாரம் விலையேற்றி விற்பவருக்கு அதன் வளைவு எதற்கு? அவர் மூடியைக்கூடத் திறப்பதில்லை. குழியில் மெருகு போட்ட கைக்கு மாதச் சம்பளம். பெட்டியை வாங்கிப் பெட்டியாகவே கைமாற்றியவருக்கு அதே அளவு லாபம்.

அரங்கத்தின் கதையும் இதுவே. கட்டப் பணம் போதாமல், இருக்கை ஒன்று நூறு பவுண்டு என்று 999 ஆண்டுக் குத்தகைக்கு விற்றார்கள். 5,272 இருக்கைகளில் 1,268 இன்றும் அந்த உரிமையில்தான் இருக்கின்றன. உரிமையாளர்களில் சிலர் பெரிய கச்சேரிக்கான தம் சீட்டுகளை வெளியில் பலமடங்கு விலைக்கு விற்பது நாடாளுமன்றம்வரை பேச்சானது. இசையை ஒருமுறைகூடக் கேட்காமல் இசையில் சம்பாதிக்க முடிகிறது. அந்த அரங்கில் எதிரொலி பயங்கரம். அங்கேதான் ஒரு படைப்பை இரண்டு முறை கேட்கலாம் என்று பழைய கேலி ஒன்று உண்டு. 1969இல் கூரையிலிருந்து காளான்போல் தட்டுகளைத் தொங்கவிட்டு அதைக் குறைத்தார்கள். இருக்கை வியாபாரத்தைக் குறைக்கத்தான் இன்னும் எதையும் தொங்கவிடவில்லை.

என் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், நண்பருக்குப் பிடித்த பேச்சுக்கு மாறினார். ஒவ்வோர் ஆண்டும் மின்டின் காசுகளை லண்டனில் பொற்கொல்லர் சங்க மண்டபத்துக்குக் கொண்டுபோய் எடையும் மாற்றும் சோதிப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் விசாரணை; நடுவர்கள் அந்தச் சங்கத்துக்காரர்கள். “அரசாங்கத்தையே பத்தருங்க உரசிப் பாக்குறாங்களா!” நண்பருக்குத் தலைகால் புரியவில்லை.

நாங்கள் கிளம்பும்போது எதிர்வீட்டுக்காரர் அந்த வளைந்த நாணயத்தைக் கேட்டார். நண்பர் பெட்டியோடு கொடுத்தார். அவர் தயக்கமே இல்லாமல் பிளாஸ்டிக் கூட்டை நகத்தால் நெம்பித் திறந்தார். நண்பர் “ஐயோ” என்றார், தமிழில். விளிம்பில் பிடித்து விளக்கின்கீழ் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் விரல் படாமல் காத்தவர், பெருவிரலை எடுத்துக் குழிவில் வைத்து ஒருமுறை சுற்றினார். “பையன்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள்” என்று மூடித் திருப்பிக் கொடுத்தார்.

2024 ஏப்ரலில் செய்தி வந்தது. வெளிநாடுகளுக்குக் காசு அடிப்பதை ராயல் மின்ட் அந்த ஆண்டோடு நிறுத்துகிறது என்று. அட்டையைத் தட்டிப் பணம் கொடுக்கும் உலகத்தில் காசுக்குத் தேவை குறைந்துவிட்டது. பிறகு அதே வளாகத்தில், தூக்கியெறிந்த மின்னணுப் பலகைகளிலிருந்து தங்கம் பிரிக்கும் ஆலை திறந்தது. காசு அடித்தவர்களில் சிலரை அந்த வேலைக்குப் பழக்கினார்கள். எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டபோது, “சுரங்கத்துக்கே திரும்பிவிட்டோம்” என்றாராம்.

அதன்பின் ஒருநாள் நண்பர் பேசினார். வியாபாரியிடம் நாணயத்தைக் காட்டி விலை கேட்டிருக்கிறார். பாதிதான் தேறுமாம். வெள்ளியில் விரல் பட்ட இடம் மெல்ல மஞ்சளாகிக் கறுக்கத் தொடங்கிவிட்டது. ரேகை ஒவ்வொன்றும் எண்ணும்படி தெரிகிறதாம்.

“தொடைச்சா போயிடுமா?” என்றேன்.

“தொடச்சா மெருகுல கீறல் விழும்ணா. வித்தாதான விலை.”